காட்டுதலும் உடன்காணுதலும்: ஆடாதவர் துய்க்கும் குழிப்பந்தாட்டம்

ஓர் ஆட்டத்தைத் தன் கையால் ஒருமுறைகூட ஆடியறியாத ஒருவர், அதைக் காண்பதாலும், அதன் விதிகளைக் கற்பதாலும், அதை விரும்பும் பிறரோடு உரையாடுவதாலும் அடையும் இன்பம் உண்மையான இன்பந்தானா, அல்லது ஆடுபவர் துய்க்கும் இன்பத்தின் வெறும் நிழலா என்ற வினா முதல் நோக்கில் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் காண்பவன், காட்சி, காணப்படும் பொருள் ஆகிய மூன்றும் எவ்வாறு இணைகின்றன என்று தமிழ் மெய்யியல் நூற்றாண்டுகளாகக் கேட்டுவரும் பெரிய வினாவின் கிளைதான் இது. கிரிக்கெட்டையோ கபடியையோ வைத்து இதைக் கேட்டால் விடை எளிதில் மங்கிவிடும். ஏனெனில் அவற்றைக் காண்பவருள் பெரும்பாலோர் சிறுவயதில் தெருவிலோ களத்துமேட்டிலோ அவற்றை ஆடியவர்கள், அவர்கள் காட்சியில் பழைய நினைவும் கலந்திருக்கும். கோல்ஃப் என்று வழங்கும் குழிப்பந்தாட்டத்தை வைத்துக் கேட்டால்தான் வினா தன் முழுக் கூர்மையோடு நிற்கிறது. பரந்த புல்வெளியில் சிறு பந்தைக் கோலால் அடித்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பதினெட்டுக் குழிகளில் மிகக் குறைந்த அடிகளில் சேர்ப்பதே அவ்வாட்டம். திண்டுக்கல் சமவெளியில் பிறந்து வளர்ந்தவருள் மிகப் பெரும்பாலோர்க்கு அந்தக் கோலைத் தொடும் வாய்ப்புக்கூட வாய்த்ததில்லை.

இத்தனைக்கும் திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளேயே நூற்றாண்டைக் கடந்த குழிப்பந்துக் கழகம் ஒன்று இருக்கிறது. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் தொடங்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த புல்மேடுகளின்மேல் அதன் 18 குழிகளும் அமைந்துள்ளன. அது தொடங்கிய காலத்தில் மலைக்கு மோட்டார் சாலை கிடையாது. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே அம்மையநாயக்கனூரில் உள்ள கோடை ரோடு ரயில் நிலையத்தில் இறங்கியவர்கள், மாட்டுவண்டியில் சமவெளியைக் கடந்து அடிவாரத்தை அடைந்தார்கள். அங்கிருந்து ஆட்கள் சுமக்கும் நாற்காலிகளிலும் குதிரைகளிலும் மலையேறினார்கள், அவர்களுடைய பெட்டிகளும் மூட்டைகளும் தலைச்சுமையாகவே மேலே போயின. ஆடுபவரின் பொருளைச் சுமப்பவராகவே இப்பகுதியின் எளிய மக்கள் அவ்வாட்டத்தின் அருகில் முதலில் சென்றிருக்க முடியும். இன்று திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்திலோ, சின்னாளப்பட்டியின் சுங்குடித் தறிகளுக்கிடையிலோ, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் லாரிக்குக் காத்திருக்கும் வேளையிலோ ஒருவர் கைபேசியைத் திறந்து, ஸ்காட்லாந்தின் கடலோரப் புல்வெளியில் நடக்கும் போட்டியைக் காண முடிகிறது. விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ என்ற அமைப்பின் விதிநூலைக் காசில்லாமல் படிக்கவும், அதன் தொடக்கநிலைத் தேர்வை இணையத்தில் எழுதவும், உலகின் எந்த மூலையிலிருந்தோ பேசும் ரசிகர்களோடு சேர்ந்து ஓர் அடியின் நுட்பத்தை அலசவும் முடிகிறது. 2016க்குப் பின் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்ததால் திறந்த வாயில் இது. மலையேறாமலே மலையில் உள்ளது கிட்டுகிறது. கிட்டியது எது என்பதுதான் ஆராயத்தக்கது.

தமிழில் இன்பத்தைப் பற்றிய மிகப் பழைய இலக்கணம் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் ஆகும். மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்பட்டுத் தோன்றுவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அது எட்டு வகைப்படும். இவ்வியலின் முதல் சொல்லே பண்ணை என்பதும், அச்சொல்லுக்கு விளையாட்டு என்று தொல்காப்பியமே உரியியலில் பொருள் கூறுவதும் தற்செயலாகக் கடந்துசெல்லத்தக்கவை அல்ல. வேந்தரும் குறுநில மன்னரும் ஆடலையும் பாடலையும் கண்டும் கேட்டும் துய்க்கும் விளையாட்டு என்றே உரைகாரர் பேராசிரியர் அதை விளக்குகிறார். ஆகவே சுவை பற்றிய தமிழ்க் கோட்பாடு தொடங்குமிடம் ஆடுகளம் மட்டுமன்று, அதைச் சூழ்ந்திருக்கும் காண்போர் கூட்டமும் ஆகும். உவகை தோன்றுதற்குரிய நான்கு நிலைக்களன்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகியவற்றை நூல் எண்ணுகிறது. புலன் என்பதற்கு உரைகாரர் கொண்ட பொருள் அறிவு. அறிவால் வரும் மகிழ்ச்சியும் விளையாட்டால் வரும் மகிழ்ச்சியும் ஒரே பட்டியலில் அருகருகே நிற்பதை நோக்கினால், ஆட்டத்தை அறிந்து மகிழ்பவரை ஆடி மகிழ்பவருக்குக் கீழே வைக்கும் எண்ணம் தொல்காப்பியர்க்கு இருந்ததாகத் தெரியவில்லை.

உரைகாரர்கள் இதனினும் ஆழமாகச் செல்கிறார்கள். ஆடுபவன் செய்தது காண்பவர்க்குப் போய்ச் சேர்தலே மெய்ப்பாடு என்ற செயிற்றியனாரின் கருத்தை இளம்பூரணர் எடுத்துக் காட்டுகிறார். பேராசிரியரோ சுவைக்கப்படும் பொருள், அதைச் சுவைக்கும் உணர்வு, அதனால் உள்ளத்தில் எழும் குறிப்பு, அக்குறிப்பால் உடலில் தோன்றும் விறல் என ஒவ்வொரு சுவையையும் நான்காகப் பகுத்து, இந்நான்கும் ஓரிடத்தில் ஒருவரிடமே நிகழ வேண்டுமா என்ற வினாவை எழுப்புகிறார். கொடிய விலங்கொன்றைக் கண்டு அஞ்சி ஓடிவரும் ஒருவனை மற்றொருவன் காணும்போது, அவன் அஞ்சினான் என்பதை இவன் அறிவதற்கு அவ்விலங்கைத் தானும் நேரில் காண வேண்டுவதில்லை என்பது அவர் காட்டும் நுட்பம். சுவைக்கு ஏதுவான பொருள் ஓரிடத்திலும், அதை உணர்தல் வேறோரிடத்திலும் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டபின், இடைவெளி பத்தடியா பத்தாயிரம் கிலோமீட்டரா என்பது கோட்பாட்டளவில் பெரிய வேறுபாடாகாது. ஆயினும் அவர் விறலையும் விடாமல் சேர்த்திருப்பதை மறக்கலாகாது: காண்பவரின் உடலும் அதில் பங்கு கொண்டால்தான் சுவை நிறைவு பெறும்.

அத்தகைய பங்கேற்புக்கு ஒரு சான்று அண்மையில் நிகழ்ந்தது. 2021 ஆகஸ்ட் 7ஆம் நாள், டோக்கியோ ஒலிம்பிக்கின் மகளிர் குழிப்பந்துப் போட்டியின் இறுதிச் சுற்றில், உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்தில் இருந்த பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் பதக்கத்தை நெருங்கி ஆடிக்கொண்டிருந்தபோது, அதுவரை அவ்வாட்டத்தை ஒருநாளும் பார்த்திராத இந்தியர் பெருந்தொகையினர் விடியற்காலையில் எழுந்து திரைமுன் அமர்ந்தார்கள். ஒரு குழிக்குத் திறமையான ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய அடிகளின் அளவே பார் என்பதையும், அதனினும் ஓரடி குறைந்தால் பேர்டி என்பதையும், குழியருகே பந்தை மெல்ல உருட்டும் அடியே பட் என்பதையும் அவர்கள் ஒருவருக்கொருவர் இணையத்தில் கேட்டும் சொல்லியும் அந்தச் சில மணி நேரத்தில் கற்றார்கள். அதிதி பாரினும் 15 அடிகள் குறைவாக முடித்து, வெண்கலத்தை ஒரே ஓர் அடியில் இழந்து நான்காம் இடம் பெற்றார். கடைசிக் குழியில் அவர் உருட்டிய பந்து குழியில் விழாமற்போனபோது மூச்சைப் பிடித்திருந்தவர்களின் உடலில் தோன்றியதற்கு விறல் என்பதைத் தவிர வேறு பெயர் இருக்க முடியாது. முதல் நாள் வரை அவர்களுக்கு அந்த ஆட்டத்தின் இலக்கணம் தெரியாது. ஆனால் அன்று அவர்கள் அடைந்த தவிப்பை நிழல் என்று யாரும் கூறத் துணியமாட்டார்.

தொலைவிலிருந்து காண்பதைப் பற்றிப் பேசுவோர் மகாபாரதத்துச் சஞ்சயனை நினைவுகூர்வது வழக்கம். ஆயினும் வழக்கமாக எடுத்துக்காட்டப்படுவது அவனுடைய தொலைவுக் காட்சி மட்டுமே, அக்காட்சி சென்று சேர்ந்த இரண்டு உள்ளங்களின் வேறுபாடு அன்று. குருட்சேத்திரத்தில் கண்ணன் அருச்சுனனுக்கு உரைத்ததை வியாசரின் அருளால் உணர்ந்த சஞ்சயன், அதை நினைக்குந்தோறும் மயிர்க்கூச்செறிந்து மீண்டும் மீண்டும் மகிழ்வதாகக் கீதையின் முடிவில் கூறுகிறான். அதே உரையை அவன் வாயிலாக முழுமையாகக் கேட்ட திருதராட்டிரனுக்கோ அம்மகிழ்ச்சி வாய்த்ததாக நூல் கூறவில்லை. தொடக்கத்தில் அவன் கேட்ட கேள்வியிலேயே தன் மக்கள் என்றும் பாண்டுவின் மக்கள் என்றும் பிரித்துப் பேசும் பற்று வெளிப்பட்டுவிடுகிறது. நிகழ்ச்சியும் தொலைவும் இருவருக்கும் ஒன்றுதான். ஒருவனிடம் உவகை பிறக்கிறது, மற்றவனிடம் கவலையே மிஞ்சுகிறது. ஆகவே காட்சியின் இன்பத்தைக் கெடுப்பது தொலைவன்று, விளைவின்மேல் வைத்த பற்றே ஆகும். ஒவ்வோர் அடிக்கும் பணம் கட்டிப் பார்ப்பவர் பார்ப்பது ஆட்டத்தை அன்று, தன் பணத்தையே. இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தபோது குடும்பங்களின் பொருளிழப்பே பெரிதும் பேசப்பட்டது, ஆனால் பந்தயம் கட்டியவர் காணும் திறனையும் இழக்கிறார் என்பதும் அதேயளவு கவலைக்குரியது.

இனி, காண்பவர் தனியே காண்கிறாரா என்ற கேள்வி எழுகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம், பன்னிரண்டு நூற்பாக்களில் சைவ சித்தாந்தத்தை வகுத்துரைக்கும் நூல். அதன் பதினோராம் நூற்பா காட்சியைப் பற்றிய அரிய உவமையொன்றைக் கொண்டுள்ளது. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. எனினும் உயிர் உடனிருந்து பொருளைக் காட்டினாலொழிய அது காணாது, உயிரும் கண்ணுக்குக் காட்டிவிட்டு ஒதுங்காமல் தானும் உடன்கண்டே அறிகிறது. இவ்வாறே இறைவனும் உயிருக்குக் காட்டி, தானும் உடன்காண்கிறான் என்பது சித்தாந்தம். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இவ்விரண்டையும் பிரித்துச் சொல்வர், உபகாரம் என்பது இங்கே உதவி. உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையைத் தானும் அடையும் என்பதும் இதனோடு சேர்ந்த கொள்கை. படிகம் அருகிலுள்ள பூவின் நிறத்தைக் காட்டுவது அதற்கு உவமை. இறைவனுக்கும் உயிருக்கும் உரிய உறவை மனிதர்க்கிடையே அப்படியே ஏற்றிச் சொல்வது பிழையாகும். ஆனால் காட்டுதல் உடன்காணுதலோடு சேர்ந்தாலன்றி நிறைவு பெறாது என்ற கட்டமைப்பு, மனிதர் ஒருவருக்கொருவர் ஒன்றைக் கற்பிக்கும் எல்லா இடங்களிலும் மெய்ப்படுவதைக் காணலாம். குழிப்பந்தாட்டத்தில் காற்று எத்திசையில் வீசுகிறது, புல் எப்பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கிறது, ஆட்டக்காரர் நீளக்கோலை விட்டுக் குட்டைக்கோலை ஏன் எடுத்தார் என்பவை பழகாத கண்ணுக்குத் தென்படுவதில்லை. திரை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது அவற்றைக் காட்டாது. அறிந்த ஒருவர் சொல்லும்போதே அவை கண்ணில் படுகின்றன. அவ்வாறு சொல்பவர் தம் புலமையைப் பறைசாற்றிவிட்டுப் போகாமல், புதியவரோடு சேர்ந்து அடுத்த அடிக்காகக் காத்திருப்பாராயின், ஆங்கே துய்ப்பவர் இருவராகிறார்கள். இணையத்தில் முகமறியாதவர்கள் கூடும் குழுக்களின் பெருமை இதில்தான் இருக்கிறது.

இந்த ஆட்டத்தின் அமைப்பிலேயே காட்டி உடன்காண்பவர் ஒருவர் இருக்கிறார். கேடி என்று அழைக்கப்படும் அவர் ஆட்டக்காரரின் கோல்பையைச் சுமந்து, தொலைவைக் கணித்து, எந்தக் கோலை எடுக்கலாம் என்று கூறுபவர். ஆனால் பந்தை அடிக்க அவருக்கு உரிமை இல்லை. டோக்கியோவில் அதிதிக்குக் கேடியாக உடன் நடந்தவர் அவருடைய தாய். தில்லியில் கேடியாகத் தொடங்கிய அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பன் போட்டியை வென்று, அதை வென்ற முதல் இந்தியர் ஆனார். சுமந்தும் பார்த்தும் பெற்ற கல்வி அவருக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உடன்நின்று காட்டும் இறைவனாகக் கேடியைக் காணும் ஒப்புமையின் ஆற்றலை மேலைநாட்டு எழுத்தாளரும் உணர்ந்திருக்கிறார்கள். ஸ்டீவன் பிரஸ்ஃபீல்டு 1995இல் வெளியிட்ட நாவலில், போரால் மனமுடைந்த ரானல்ஃப் ஜூனா என்ற ஆட்டக்காரனுக்குக் கேடியாக வரும் பேகர் வான்ஸ், பகவானின் பெயரையும் இயல்பையும் தாங்கியவன், ஜூனா அருச்சுனனே. தேரோட்டி போர்செய்யாதது போலவே கேடியும் ஆடுவதில்லை. ஆயினும் அவனின்றி ஆட்டம் நடவாது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த மைக்கேல் மர்ஃபியின் கதை தமிழ் நிலத்துக்கு இன்னும் நெருக்கமானது: 1956இல் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்குப் புறப்பட்ட அவர் வழியில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் குழிப்பந்து ஆடினார், ஆசிரமத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கித் தியானம் பயின்றார், பின்னர் இவ்விரு அனுபவங்களையும் பிணைத்து 1972இல் ஒரு நாவலாக எழுதினார். புதுச்சேரியின் மௌனமும் ஸ்காட்லாந்தின் புல்வெளியும் ஓர் உள்ளத்தில் ஒன்றையொன்று விளக்கிக்கொண்டன என்பதற்கு அந்நூல் சான்று.

முண்டக உபநிடதம் ஒரே மரத்தில் அமர்ந்த இரு பறவைகளைப் பற்றிக் கூறுகிறது. ஒன்று கனியைத் தின்கிறது, மற்றொன்று தின்னாமல் பார்த்திருக்கிறது. பார்த்திருக்கும் பறவையே சாட்சி. சாட்சிக்குத் தமிழில் பழைய சொல் கரி. பார்த்தலின் மேன்மையைக் கூறும் இவ்வுவமை அதன் எல்லையையும் குறிக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அப்பறவை முதற்பறவையின் செயலில் குறுக்கிடுவதில்லை, அதன்மேல் தீர்ப்புக் கூறுவதும் இல்லை. தீர்ப்பை ஆடுபவரிடமே விடும் அந்நெறி குழிப்பந்தாட்டத்திலும் உண்டு: நடுவர் எல்லா இடத்திலும் உடன் நிற்பதில்லை. தன் தவறுக்குத் தானே தண்டனை கூறிக்கொள்வது ஆட்டக்காரரின் கடமை. 1925இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ், உயர்ந்த புல்லிடையே தன் பந்து சற்று அசைந்துவிட்டதாக வேறெவரும் காணாத ஒன்றைத் தானே கூறி, ஓர் அடியைத் தண்டனையாக ஏற்றார்; பின்னர் சமநிலையில் முடிந்த அப்போட்டியைக் கூடுதல் சுற்றில் இழந்தார். தன் மனம் அறிந்ததை மறைத்தால் அம்மனமே பின்னர் தன்னை வருத்தும் என்று வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் உரைத்ததை, மாசசூசெட்ஸின் புல்வெளியில் ஒருவர் செய்து காட்டினார் எனலாம்.

காண்பவர், உள்ளத்துச் சாட்சியாகிய இந்த உட்கரியின் இடத்தைப் பிடிக்க முயன்றபோது என்ன நேர்ந்தது என்பதற்கும் வரலாறு உண்டு. 2017 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் நடந்த ஏ.என்.ஏ. இன்ஸ்பிரேஷன் போட்டியில், மூன்றாம் சுற்றின்போது லெக்ஸி தாம்ப்சன் என்ற ஆட்டக்காரர் தன் பந்தை எடுத்த இடத்தில் சரியாகத் திரும்ப வைக்கவில்லை என்று தொலைக்காட்சியில் பார்த்த ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். மறுநாள் இறுதிச் சுற்றின் நடுவே தாம்ப்சனுக்கு நான்கு அடிகள் தண்டனையாகச் சேர்க்கப்பட்டன. தவறாக வைத்ததற்கு இரண்டு, அதனால் பிழையாகிப்போன எண்ணிக்கைச் சீட்டில் கையெழுத்திட்டதற்கு இரண்டு. முன்னணியில் இருந்த அவர் கூடுதல் ஆட்டத்தில் தோற்றார். அவ்வாண்டு முடிவதற்குள், 2018 ஜனவரி முதல் பார்வையாளரின் முறையீடுகளை ஏற்பதில்லை என்று ஆட்டத்தின் ஆட்சியமைப்புகள் அறிவித்தன. மின்னஞ்சல் அனுப்பியவர் பொய் கூறவில்லை. விதிப்படி அவர் கண்டது சரியே. ஆயினும் அவர் கண்டது இடம் மாறி வைக்கப்பட்ட பந்தை. ஆட்டக்காரரின் உள்ளத்தை அன்று. வீட்டிலிருந்து உருப்பெருக்கிப் பார்க்கும் கண் உட்கரிக்கு மாற்றாக முடியாது என்பதைச் சட்ட மொழியில் ஒப்புக்கொண்ட முடிவாகவே அதைக் கொள்ள வேண்டும். கைபேசியில் காண்பவர்க்குக் கிட்டாதவற்றுள் முதன்மையானது எதுவென்றால், கை அசைவின் பழக்கத்தைக் காட்டிலும், யாரும் காணாத இடத்தில் தனக்குத் தானே தண்டனை கூறும் அந்தக் கணமே ஆகும். அதைக் காட்சியாகக் காண இயலாது; தன் வாழ்வின் வேறொரு களத்தில் தானே செய்து அறியலாம்.

திண்டுக்கல் சமவெளிக்கே உரிய மற்றொரு நோக்கும் இங்கே கருதத்தக்கது. பழனி மலைக்கும் சிறுமலைக்கும் இடைப்பட்ட இவ்வறண்ட நிலத்தில், ஆத்தூர் நீர்த்தேக்கத்தின் மட்டத்தையும் குழாயில் தண்ணீர் வரும் நாளையும் எண்ணி வாழ்ந்த கோடைகள் பல. வெப்ப நாட்டில் 18 குழித் திடல் ஒன்றின் புல்லைப் பசுமையாக வைத்திருக்க நாளொன்றுக்குப் பல லட்சம் லிட்டர் நீர் வேண்டும். இங்கே ஆடுவதற்கு ஒரு திடல் வேண்டும் என்று விரும்புவதைக் காட்டிலும், உலகில் எங்கோ மழையால் தானே விளைந்த புல்லில் நடக்கும் ஆட்டத்தைக் கண்டு மகிழ்வது இந்நிலத்தின் இயல்புக்குப் பொருந்திய துய்ப்பு ஆகும். உலகிலுள்ள அனைத்தும் இறைவனால் நிறைந்தது, ஆகவே உரிமையைத் துறந்து துய்க்க வேண்டும், பிறர் பொருளை விழையலாகாது என்பது ஈசாவாஸ்ய உபநிடதத்தின் முதல் மந்திரத்தின் கருத்து. எல்லா மறைகளும் அழிந்து இம்மந்திரம் மட்டும் எஞ்சினாலும் போதும் என்று 1937இல் திருவிதாங்கூர்ப் பயணத்தின்போது காந்தியடிகள் பேசினார். அவர் பெயரால் 1947இல் சௌந்திரம் அம்மையாரும் ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம் இதே சமவெளியில், சின்னாளப்பட்டிக்கு அருகில் இருக்கிறது. துறந்து துய்த்தல் என்பதைத் துறவிக்குரிய கடுநெறியாகவே கொள்வது வழக்கமாகிவிட்டது. ஒரு புல்வெளியைத் தன் ஊருக்கு இழுத்துவராமல், வேலியிடாமல், அது இருக்கும் இடத்திலேயே இருக்கவிட்டு, அதன் அழகை முழுமையாக ஏற்பதும் அந்நெறியின் எளிய வடிவமே.

ஆடாதவர் ஆட்டத்தை அறியார் என்று கூறுவோர்க்கும் ஒரு நியாயம் உண்டு. கோலின் முனை பந்தின் நடுவில் சரியாகப் படும்போது உள்ளங்கையில் உணரப்படும் மென்மையை எந்தச் சொல்லும் எந்தத் திரையும் தரமாட்டா. கிட்டிப்புள் ஆடிய சிறுவனுக்குப் புள் சரியாக எகிறிய கணம் கையில் தெரிந்தது போன்றது அது. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சல்லிக்கட்டு நடக்கும் புகையிலைப்பட்டியில் வாடிவாசலிலிருந்து பாயும் காளையைத் தழுவுபவர் சிலரே, வேலிக்கு வெளியே நிற்பவர் ஆயிரக்கணக்கானோர். திமிலின் சூடு அவர்கள் கையில் படுவதில்லை என்பதற்காக அவர்களைச் சல்லிக்கட்டுக்கு அயலார் என்று யாரும் கூறுவதில்லை. துய்ப்பு பலவகைப்படும் என்பதையே இது காட்டுகிறது. ஒருவகை மற்றொன்றின் குறைந்த பிரதி ஆகாது.

ஆடாத துய்ப்புக்கு ஸ்காட்லாந்திலும் இடம் உண்டு. அந்நாட்டின் பாராளுமன்றம் 1457இல் இவ்வாட்டத்தைத் தடைசெய்தது, மக்கள் வில்வித்தையை மறக்கிறார்கள் என்பதற்காக. பிற்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆடுவதைத் திருச்சபை கண்டித்தது, அது ஓய்வுக்கும் வழிபாட்டுக்கும் உரிய நாள் என்பதற்காக. 1764இல் குழிகளின் எண்ணிக்கையைப் பதினெட்டாக்கி உலகுக்கே அளவு தந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய திடலில், பெரும் போட்டி நாட்கள் நீங்கலாக, இன்றும் ஞாயிறன்று ஆட்டம் கிடையாது. அந்நிலம் பொதுநிலம் ஆதலால், அன்று ஊரார் தம் பிள்ளைகளோடும் நாய்களோடும் அங்கே வந்து, எந்தக் கோலும் இல்லாமல் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு மெல்ல நடக்கிறார்கள். மணற்குழியின் விளிம்பில் நின்று பார்க்கிறார்கள், சிறு கற்பாலத்தைக் கடக்கிறார்கள், மாலையில் வீடு திரும்புகிறார்கள்.